அரைப்பேர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே என் கடை.
போட்டோக் கொப்பி, பாஸ்போட் சைஸ், ரீலோட்,
பின்னறையில் மூச்சு வாங்கும் ஒரு கொம்பியூட்டர்.
அதில்தான் வெட்டி ஒட்டினேன்
'அரைப்பேர்' குழுவின் புதுப் பாட்டை.

பதினெட்டுக் கிலோ தேறாத நாளில்
செக்ரோலில் விழுமே, அந்த அரைப்பேர்.
குழுவில் நாலு பேர்.
மோசஸ் டிரம்ஸ், பகலில் ஆட்டோ.
கஜரூபன் பேஸ், நோர்வூட் மருந்துக்கடை.
இம்தியாஸின் கிட்டாரில் ஐந்து கம்பிதான்
ஆறாவது வரும் மாதம்.
பாடுவது யோகதர்ஷினி.
புறக்கோட்டைத் துணிக்கடை வாசலில் நின்று
வாங்க வாங்க என்று கத்தி உடைந்த குரல்.
அதை ஒட்டவைக்க யாரும் முயலவில்லை.

பாட்டு 'தண்ணிக் கழிவு'.
மழை நாளில் கொழுந்து நிறுக்கையில்
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டுவது.
மூன்றரை நிமிசம்
அதில் ஒரு நிமிசம் கிட்டார் மட்டும் அலறும்.

எல்லாம் ரிவர்ஸில் ஓடணும்,
என் வாய் மட்டும் நேராப் பாடணும் என்றாள்.
அதற்காக இரண்டு கிழமை
கடைசி எழுத்திலிருந்து பாட்டை மனப்பாடம் செய்தாள்.
லோகி டுண்ரெ குக்ணிண்த.
கொழும்பு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
எழும்பிப் போய் நின்றுகொண்டே வந்தாராம்.

கீழ்க்கணக்கு, ஏழாம் நம்பர் மலை.
சவுண்ட் சேர்விஸில் வாடகைக்கு ஜெனரேட்டர்.
என்ன படம் என்றார் கங்காணி.
சாமிப் பாட்டு என்றோம்.
எந்தச் சாமி?
சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டே
எல்லாச் சாமியும் என்றான் மோசஸ்.

இனி நீங்கள் பார்ப்பது:
பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி
வந்த வழியே இறங்கிப் போகும்.
டிரம் தோலில் தெறித்த மழைநீர்
துளி துளியாய் வந்து தோலிலேயே உட்காரும்.
கூடையிலிருந்து கொழுந்து
தோளுக்கு மேலால் பாய்ந்து கைக்கு வரும்.
கை அதைச் செடியில் வைக்கும்.
செடி வாங்கிக்கொள்ளும்.
நிறுவையில், பதினாறு என்று எழுதிய மையைப்
பேனை உறிஞ்சிக்கொள்ளும்
தராசு முள் பதினெட்டில் நிற்கும்.
நடுவில் தர்ஷினி மட்டும்
நேராய் நடந்து, நேராய்ப் பாடிக்கொண்டு வருவாள்.
(படம் பிடிக்கையில் பின்னால் நடந்து
கானுக்குள் மூன்று முறை விழுந்தாள்.
அது படத்தில் இல்லை.)

கடைசியில் பேர்கள்.
நடித்த பதினொரு பெண்களின் பேர்கள்,
இனிஷலோடு, ஒவ்வொன்றாய்,
பாட்டு முடிந்து மழைச் சத்தம் மட்டும் கேட்கையில்.
நாற்பது செக்கன் யார் பார்ப்பான் என்றான் இம்தியாஸ்.
தர்ஷினி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.
நாற்பது செக்கன் நாற்பதாகவே இருந்தது.

வெளிவருவதற்கு முதல் நாள் பின்னேரம்
சிவனம்மா அக்கா கடைக்கு வந்தார்.
நான் வார எடத்த நிப்பாட்டு தம்பி.
நிப்பாட்டினேன்.
கொழுந்து அவர் விரலுக்கும் செடிக்கும் நடுவில் நின்றது.
ஓ, முப்பது வருசத்த
மூணு நிமிசத்துல குடுத்துட்டேனா என்று சிரித்தார்.
பிறகு கண்ணாடி போட்டுப் பேர்களைப் படித்தார்.

இனிஷல் 'சி' இல்ல. 'பி'.
எங்கப்பா பிச்சமுத்து.
ஐடென்டியிலயும் இப்படித்தான் பிழையா அடிச்சி
ஈபீஎப் காசு இன்னும் வரல.

ஓர் எழுத்துத்தான். ஆனால்
முழுப் படத்தையும் திரும்ப ரெண்டர் போடணும்.
எழுபத்தொன்பது வீதத்தில் கரண்ட் போனது.
வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.
விடியும் அக்கா, நீங்க போங்க என்றேன்,
காலையில பெரட்டுக்குப் பிந்தினா
அரைப்பேர்தானே போடுவாங்க.

போடட்டும், என்று
பாஸ்போட் போட்டோ எடுக்கும் ஸ்டூலை இழுத்து
ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்தார்.
மூன்று வீதம்.
நாலு.